அம்பாசிடருக்கு பி.பி. பார்த்த நாள்

கம்பம்மெட்டு மலைப்பாதையில், பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணில் விழத் தொடங்கும் ஒரு கொண்டை ஊசி வளைவில் எங்கள் அம்பாசிடர் நின்றுவிட்டது. சும்மா நிற்கவில்லை. இரண்டு தரம் இருமியது, பின்னால் கறுப்பாகப் புகையைக் கக்கியது, அப்புறம் ஆளை விடுங்கள் என்று அணைந்துபோனது.

நான் இறங்கிப் பின் சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுத்தேன். கல்லைத் தேட வேண்டிய வேலைகூட இல்லை. போன முறை வைத்த அதே கல் அதே இடத்தில் கிடந்தது.

என் வீட்டுக்காரர் பானெட்டைத் தூக்கினார். டிக்கியிலிருந்து ஒரு கோணிச் சாக்கை எடுத்து, கேன் தண்ணீரில் நனைத்து, பெட்ரோல் குழாயின் மேல் போர்த்தினார். ஆவி பறந்தது. பெட்ரோல் வாடையும் ஈரச் சாக்கின் வாடையும் சேர்ந்து எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ஜீப் ஒன்று எங்கள் பக்கத்தில் வந்து நின்றது.

“என்னண்ணே, இன்னைக்கும் இங்கனதேனா?” என்றார் டிரைவர்.

“இங்கனதேன்.”

“பெட்ரோல் பத்தலண்ணே. ஏத்தத்துல எஞ்சின் கூடக் கேக்கும்ல? பிரஷர இன்னும் ஒரு சுத்து கூட்டி வையுங்க. எங்க வண்டியெல்லாம் மலைக்குன்னு கூட்டித்தேன் வச்சிருக்கோம்.”

இவர் தலையை ஆட்டினார். அந்தச் சுற்றை ஏற்கெனவே மூன்று தரம் கூட்டியாகிவிட்டது என்று சொல்லவில்லை.

கால்மணி நேரம் கழித்துச் சாவியைத் திருகினால், வண்டி ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பியது. ஆனால் மேலே போகவில்லை. அங்கேயே திருப்பிக் கீழே இறக்கினார். வீடு வந்து சேர்ந்தோம். ஷெட்டில் விட்டுவிட்டு, ஸ்டீயரிங்கில் இருந்து கையை எடுக்காமலே சொன்னார்:

“இன்னும் ஒரே ஒரு தடவ பாப்போம் சரசு. அதுலயும் ஏறலைன்னா இரும்புக் கடைக்காரனுக்குச் சொல்லிவிட்டுருவேன். எனக்கும் போதும்.”

கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தை காரைப் பற்றியது மட்டும்தான் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

சத்தமில்லாத டிவி

இந்தத் தொடரைப் போன வாரம் பிரசவ வார்டோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் கார் ஷெட்டுக்குள் வந்து நிற்கிறாளே என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதுவும் ஒரு வகையில் வார்டுக் கதைதான். நோயாளிதான் வேறு.

என் வீட்டுக்காரர் துரைப்பாண்டியைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய குரலைத்தான் முதலில் தெரிந்திருக்கும். திராட்சைத் தோட்டத்தில் நின்று கத்தினால் ரோட்டில் பஸ் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். வாய்க்கால் முறை, உர விலை, தேர்தல், மருமகன் வாங்கிய செல்போன் என்று எதைப் பற்றியும் அவரிடம் ஒரு சண்டை தயாராக இருக்கும். கல்யாணமான புதிதில் இந்த மனுஷனோடு எப்படிக் காலம் தள்ளப் போகிறேனோ என்று பயந்தேன். பிறகு நானும் கத்தப் பழகிக்கொண்டேன்.

அந்த மனுஷருக்கு மதுரையில் நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். ஆபரேஷன் நன்றாக நடந்தது. டாக்டர்கள் கையைக் குலுக்கி அனுப்பினார்கள். தையல் ஆறியது, ரத்தம் சரியாக இருந்தது, எக்கோ சரியாக இருந்தது. ஆள்தான் வரவில்லை.

தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டார். காலையில் எழுந்து டிவி முன்னால் உட்காருவார். சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார். படம் பாட்டுக்கு ஓடும், அவர் அதற்கும் மேலே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நடங்கள் என்று டாக்டர் சொன்னதற்கு வாசல் வரை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார்.

முப்பது வருஷத்துக்கும் மேல் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். எழுந்திருக்க மாட்டேன் என்ற எத்தனையோ பேரை அதட்டி நடக்க வைத்திருக்கிறேன். அந்த அதட்டல் இவரிடம் எடுபடவில்லை. ஒரு நாள், அவருக்கு ஆகவே ஆகாத கட்சியை வேண்டுமென்றே ஆகா ஓகோ என்று புகழ்ந்து பார்த்தேன். “அப்படியா” என்றார். நான் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் கயல், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், “அம்மா, ஷெட்டுல கெடக்குற அந்தக் கார மொதல்ல வித்துருங்க, எலிதான் குடியிருக்கு” என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். இவர் காதில் விழுந்தது. மறுநாள் காலை டிவி முன்னால் ஆள் இல்லை. தேடிப் போனால் ஷெட்டில், பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்.

விற்பதென்றாலும் ஓட வேண்டாமா என்றார். நான் காபியைக் கொண்டுவந்து மட்கார்டின் மேல் வைத்தேன்.

ஏலக்காய் வாடை

அந்தக் காரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடமிருந்து வாங்கியது. அவர் பின் சீட்டில் ஆட்களைவிட மூட்டைகளைத்தான் அதிகம் ஏற்றியிருக்க வேண்டும். வாங்கி வெகு காலம் வரை ஜன்னலை ஏற்றினால் ஏலக்காய் மணக்கும். கயல் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தச் சீட்டில் படுத்தால்தான் தூங்குவாள்.

அதன் பழைய பெட்ரோல் பம்ப் எப்போதோ வீணாகிவிட்டது. இவர் தேனியில் பழைய வண்டிகளைப் பிரிக்கும் கடைக்குப் போய், புதுக் கார் ஒன்றின் கரண்ட் பம்பைக் கொண்டுவந்து மாட்டினார். கூடவே கொஞ்சம் பெரிய கார்புரேட்டர். “இனிமே குமுளி என்ன, மூணாறுக்கே மூச்சு வாங்காமப் போகும்” என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பீற்றல் அது. என் காதுக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

இங்கே ஒரு சிறிய விளக்கம். கார்புரேட்டர் என்பது எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் சாமான். அதற்குள் ஒரு குட்டித் தொட்டி உண்டு. நம் மொட்டை மாடித் தொட்டியில் மிதக்கும் பந்து, நிறைந்ததும் தண்ணீரை அடைக்கிறதல்லவா? அதே வேலையை இதில் ஒரு மிதவையும் ஊசியும் செய்கின்றன.

பழைய பம்ப் சொட்டுச் சொட்டாகத் தள்ளும். புதுக் கார் பம்ப் அப்படியில்லை, பீய்ச்சி அடிக்கும். அந்த வேகத்தை அந்தச் சின்ன ஊசியால் தடுக்க முடியாது. அதனால் நடுவில் ரெகுலேட்டர் என்று ஒன்றை வைத்து, வேண்டிய அழுத்தத்தை மட்டும் விட்டு, மீதிப் பெட்ரோலைத் தொட்டிக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அதன் தலையில் ஒரு திருகு. உள்ளே திருகினால் அழுத்தம் கூடும், வெளியே திருகினால் குறையும். எங்கள் வீட்டு நிம்மதி முழுவதும் அப்போது அந்தத் திருகில்தான் இருந்தது.

சாக்குக்குக் கிடைத்த பெயர்

‘எனக்கும் போதும்’ என்று அவர் சொன்னதற்கு மறுநாள், காலை மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே பழைய பேப்பரில், அப்போதுதான் வண்டியைக் கிளப்பிப் பார்த்துவிட்டுக் கழற்றிய நான்கு ஸ்பார்க் பிளக்குகள். எல்லாம் கரியாக இருந்தன. ஒன்றை எடுத்தேன். விரலில் ஈரம் ஒட்டியது.

“பெட்ரோல் பத்தாமத்தான நின்னுச்சு? அப்புறம் இது ஏன் நனைஞ்சிருக்கு?”

“சாக்குத் தண்ணி பட்டிருக்கும்.”

மோந்து பார்த்தேன். தண்ணீருக்கு எந்த ஊரிலும் இந்த வாடை கிடையாது.

எங்கள் பக்கத்தில் மலையேறும் வண்டி நின்றால் அதற்கு ஒரே காரணம்தான் சொல்வார்கள். வெயிலில் குழாய் சூடாகிப் பெட்ரோல் ஆவியாகிவிட்டது, எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை. அதற்கு ஒரே வைத்தியம் ஈரச் சாக்கு. சாக்கைப் போட்டுக் கால்மணி காத்திருந்தால் வண்டி கிளம்பிவிடும். அது பல வண்டிகளுக்கு உண்மையும்கூட.

ஆனால் பெட்ரோல் கூடிப்போய் மூச்சுத் திணறி நின்ற வண்டியும் கால்மணி காத்திருந்தால் கிளம்பத்தான் செய்யும். உள்ளே தேங்கியது அதற்குள் காய்ந்துவிடும். சாக்கு இல்லாவிட்டாலும் காயும். எங்கள் காரில் நடந்தது இதுதான் என்று எனக்கு அங்கேயே தோன்றிவிட்டது. காத்திருந்ததால் ஆன காரியத்துக்குச் சாக்கு பெயர் வாங்கிக்கொண்டது. அதை நம்பி இவர் ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறார். ஏற்கெனவே வாய் நிறையத் தண்ணீர் இருப்பவனுக்கு இன்னும் ஒரு செம்பு ஊற்றியிருக்கிறார்.

சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“அதெப்படிக் கூடும்? மீட்டரப் பாரு. முள்ளு லேசாத்தேன் அசையுது. நான் என்ன, முழுசாவா தொறந்து விட்டுருக்கேன்?”

அப்போதுதான் அந்த மீட்டரைச் சரியாகப் பார்த்தேன். குழாயில் சொருகியிருந்த, முகம் மங்கிய பித்தளை மீட்டர். எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது.

“ஏங்க, இது நம்ம மருந்தடிக்கிற மிஷினுது இல்ல?”

“ஆமா. நல்ல மீட்டரு. இருவது வருசமாப் பொய் சொன்னதில்ல.”

திராட்சைப் பந்தலுக்கு மருந்து அடிக்கும் மிஷின் பீரங்கி மாதிரி. குழாயை ஓர் ஆள் இறுக்கிப் பிடிக்காவிட்டால் கையை உதறிவிட்டு ஓடும். அதன் மீட்டரில் நாற்பது கிலோ அழுத்தம் வரை கோடு போட்டிருக்கும். கார்புரேட்டருக்கோ ஒரு கிலோவில் கால் பங்குகூட வேண்டியதில்லை. முள் லேசாக அசைந்தாலே போதும் என்று இவர் நினைத்திருக்கிறார். அந்த லேசான அசைவே ஊசியைத் தூக்கி எறிந்துவிடும்.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை போட்ட ஆளைத் தவிர வேறு யாருக்கும் இந்த மீட்டரைக் காரில் மாட்டத் தோன்றியிருக்காது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

வெங்காயத் தராசு

தேவாரம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்த காலத்தில், பிறந்த குழந்தையை எடை பார்க்கும் தராசு ஒருமுறை உடைந்துபோனது. எங்கள் ஆயா மிகவும் சுறுசுறுப்பானவர். நான் கேட்கவே இல்லை, அவராகவே சந்தைக்குப் போய், வெங்காய மூட்டை நிறுக்கும் தராசைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். குழந்தையைத் துணியோடு அதில் வைத்தார். முள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

“சிஸ்டர், பிள்ளைக்கு எடையே இல்லியே!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

எடையே இல்லாத அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரி கூரை பறக்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

இந்தக் கதையை என் வீட்டுக்காரரிடம் அதற்கு முன் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. அன்று ஷெட்டில் மறுபடி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் மீட்டரை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார்.

“அப்ப இதுக்குன்னு சின்னப் பிள்ளைத் தராசு வேணும்ங்குற.”

“ஆமாங்க.”

“கம்பத்துல கெடைக்காது. ஆர்டர் போட்டா வர வாரமாகும். அதுவரைக்கும்...” என்று நிறுத்தினார். அதுவரைக்கும் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். டிவி முன்னால் போய் உட்காருவார். ஒரு வாரம் அங்கே உட்கார்ந்துவிட்டால் மறுபடி எழுப்புவது கஷ்டம். நோயாளிகளைப் பார்த்துப் பழகிய பயம் இது. நான் மாத்திரையை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் ஓடினேன்.

பீரோவின் மேல் என் பழைய பி.பி. கருவி இருந்தது. கையில் சுற்றும் பட்டை கிழிந்துவிட்டது, ஆனால் வட்ட டயல் நன்றாக இருந்தது. போனில் கணக்குப் பார்த்தேன். டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்வோமே பாயிண்ட், அதில் ஒன்றுக்கு நம் பி.பி. கணக்கில் ஐம்பத்திரண்டு. கார்புரேட்டருக்கு மூன்று பாயிண்ட் வேண்டும் என்று இவரே சொல்லியிருக்கிறார். மூன்றுக்கு நூற்றைம்பத்தைந்து.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு மனுஷனின் ரத்தம் ஓடும் அழுத்தமும் ஒரு காரின் பெட்ரோல் ஓடும் அழுத்தமும் ஒரே டயலுக்குள் அடங்கும் என்று அத்தனை வருஷ வேலையில் எனக்கு யாரும் சொன்னதில்லை.

முந்நூறைத் தாண்டிய முள்

கம்பத்தில் பட்டறை வைத்திருக்கும் பஷீர் தம்பிக்கு போன் போட்டேன். ஜீப், ஆட்டோ எதுவானாலும் பார்ப்பார். பிறந்தது கேரள எல்லையில் என்பதால் பேச்சில் பாதி மலையாளம் கலந்து வரும். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “சிஸ்டர், காருக்கு பி.பி.யா?” என்று சிரித்தார். சிரித்தபடியே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்தும் சேர்ந்தார்.

முதலில் காரை வெட்டவெளிக்குத் தள்ளச் சொன்னேன். இவரைத் தள்ள விடவில்லை, நானும் பஷீரும்தான் தள்ளினோம். தீயணைப்பு சிலிண்டரைப் பக்கத்தில் வைத்தேன். பெட்ரோல் திறந்திருக்கும் இடத்தில் என் அதட்டலுக்கு யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

பஷீர் மருந்து மிஷின் மீட்டரைக் கழற்றினார். அந்த இடத்தில் நீளமான பெட்ரோல் குழாயைச் சொருகி, அதை மேலே தூக்கிக் கட்டி, மறு முனையில் என் டயலை இணைத்தார். டயலுக்குள் பெட்ரோல் ஏறிவிடக் கூடாது என்பதற்காக அந்த உயரம். குழாயில் மாட்டிக்கொண்ட காற்றே அழுத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

இவர் சாவியைத் திருப்பினார். பம்ப் ரீங்காரம் போட்டது. முள் சர்ரென்று ஏறி, முந்நூறைத் தாண்டி, ஓட இடமில்லாமல் போய் முட்டி நின்றது.

“அல்லாவே! சிஸ்டர், இது ஆளா இருந்தா?”

“ஆளா இருந்தா இந்நேரம் மூக்குல ரத்தம் கொட்டியிருக்கும். ஆஃப் பண்ணுங்க!”

கார்புரேட்டரின் மூடியோரம் பெட்ரோல் கசிந்து கீழே வடிந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு முறையும் இதே கசிவோடுதான் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறோம். தீப்பிடிக்காமல் இருந்தது யார் செய்த புண்ணியமோ.

இவர் முகம் சிறுத்துவிட்டது. “இம்புட்டா வச்சிருந்தேன்?” என்று அடங்கிய குரலில் கேட்டார்.

“துரையண்ணே, நானும் மலைக்குன்னு கூட்டித்தான் வைப்பேன். எங்க வாப்பா காலத்துல இருந்து அதுதான் பழக்கம்” என்றார் பஷீர். “பழைய பம்புக்கு அது செரி. இது புது பம்பு. நமக்கு ரெண்டு பேருக்கும் யோசிக்கத் தோணல, அம்புட்டுதேன்.”

கசிந்ததைத் துடைத்து, காய விட்டு, பிளக்குகளைச் சுத்தம் செய்து மாட்டினோம். ரெகுலேட்டரின் திருகை நன்றாக வெளியே திருகிவிட்டுப் பம்பைப் போட்டார்கள். இந்த முறை முள் சாதுவாக எண்பதில் நின்றது. எஞ்சினைக் கிளப்பி, ஓடவிட்டபடி இவர் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகினார். நான் மேலே டயலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். நூறு. நூற்றிருபது. நூற்றைம்பது. போதும், மெதுவா. இன்னும் ஒரு இழை.

நூற்றைம்பத்தைந்தில் நின்றது. எஞ்சின் சத்தமே மாறிவிட்டது. இருமல் போய், தறி ஓடுவது போல ஒரே சீராகக் கேட்டது.

பஷீர் அவசரப்படவில்லை. வண்டி சூடாகட்டும் என்றார். பேசிக்கொண்டே காத்திருந்தோம். சூடான பிறகு முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. இவர் மறுபடி தொட்டுச் சரிசெய்தார். ஆக்சிலேட்டரை அழுத்திப் பார்த்தபோதும் முள் பெரிதாக இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான், திருகு அசையாமல் இருக்கப் பூட்டு நட்டை இறுக்கினார்கள்.

“கொள்ளாம் சிஸ்டர், கொள்ளாம்” என்று மலையாளத்தில் மெச்சினார் பஷீர்.

“ஆனா மலைக்கு இது பத்துமா?” என்று இவர் ஆரம்பித்தார். “ஒரு பத்து, இருபது கூட்டி...”

“உங்களுக்கு டாக்டர் நூத்தி முப்பதுன்னு சொல்லியிருக்காக. மலை ஏறணும்னு அதையும் கூட்டவா?”

பஷீர் வாயைப் பொத்திக்கொண்டார். இவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

முன்னால் ஒரு லாரி

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் கிளம்பினோம். மாத்திரை டப்பா, தண்ணீர், ஸ்வெட்டர், அவருடைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் என் பையில். டிக்கியில் சாக்கும் தண்ணீர் கேனும் இருந்தன. எடுத்து வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே தடவை என்று அவர் சொன்னது எனக்கும் நினைவிருந்தது.

முதல் சில வளைவுகள் சுலபமாகப் போயின. வேர்க்கிறதா என்று அவருடைய நெற்றியைப் பார்ப்பேன், பிறகு ரோட்டைப் பார்ப்பேன். வெப்பம் விட்டுப்போய்க் காற்றில் பச்சை வாடை வந்தது.

வழக்கமாக நிற்கும் வளைவுக்கு முன்னால் பார்த்தால், ஒரு லாரி திரும்ப முடியாமல் பின்னும் முன்னுமாக ஆடிக்கொண்டிருந்தது. நடு ஏற்றம். நாங்கள் பிரேக்கைப் பிடித்து நிற்க வேண்டியதாகிவிட்டது. எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் ஜீப்புகள். வண்டியின் மூக்கு மேலே, வால் கீழே. கார்புரேட்டர் நிரம்பி வழிவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அதன் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இவருடைய விரல்கள் ஸ்டீயரிங்கில் வெளுத்துப்போயிருந்தன. பெட்ரோல் வாடை வருகிறதா என்று மூக்கை உறிஞ்சினேன். வரவில்லை. அணைந்துவிடாதே ஆத்தா, அணைந்துவிடாதே என்று நான் காரைப் பார்த்தே கும்பிட்டேன். சாமியைக் கும்பிடத் தோன்றவில்லை.

லாரி ஒரு வழியாகத் திரும்பிப் போனது. இவர் கியரைப் போட்டு, கிளட்சை விட்டார். கார் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. கிளம்பியது. எங்கள் கல்லைத் தாண்டி, வளைவைத் தாண்டி மேலே போனது. பின்னால் வந்த பஸ் டிரைவர் எதற்கோ ஹாரன் அடித்தார். எங்களுக்குத்தான் அடித்தார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

“நிக்கலை” என்றார் இவர்.

“நிக்காது” என்றேன். மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மெட்டுக்கு அந்தப் பக்கம்

மெட்டில், கேரள எல்லைச் செக்போஸ்ட் பக்கத்தில் நிறுத்தி, டீ குடித்துவிட்டுத் திரும்புவது என்றுதான் பேச்சு. செக்போஸ்ட் வந்தது. டீக்கடை வந்தது. அவர் நிறுத்தவில்லை.

“ஏங்க, எங்க போறீக?”

“கொஞ்சம் அந்தப் பக்கம்.”

கொஞ்சம் என்பது ஏலத்தோட்டங்களுக்கு நடுவே நெடுநேரம் நீண்டது. பனி இறங்கி, கண்ணாடியை ஏற்ற வேண்டியதாயிற்று. ஒரு சின்ன ஊரில், பலகை பெஞ்ச் போட்ட சாப்பாட்டுக் கடை முன்னால் அவராகவே நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். இறங்கி, பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். கசிவு இல்லை, எல்லாம் உலர்ந்து கிடந்தது. மூடினார்.

“சரசு, பசிக்குது” என்றார்.

வார்டில் இருந்தவர்களுக்கு இந்த வார்த்தையின் மதிப்பு தெரியும். காய்ச்சல் இறங்கும், பல்ஸ் சரியாகும், ரிப்போர்ட் எல்லாம் நல்லபடியாக வரும். ஆனாலும் படுக்கையில் இருப்பவர் தானாக வாயைத் திறந்து பசிக்கிறது என்று கேட்கும் நேரத்தில்தான், இவர் பிழைத்துக்கொண்டார் என்று எங்கள் மனசு ஒத்துக்கொள்ளும். மதுரையிலிருந்து வந்த நாளாக, நான் தட்டில் வைத்ததை வைத்ததற்காகச் சாப்பிட்டவர் இவர். ஒரு நாளும் கேட்டதில்லை.

“சேட்டா, கப்பை இருக்கா? மீன் கறி?” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அந்தப் பழைய குரல். கடைக்காரர் மட்டுமில்லை, எதிர்க்கடையில் இருந்தவரும் திரும்பிப் பார்த்தார்.

மரவள்ளிக் கிழங்கை அவித்த கப்பையும் சிவக்கச் சிவக்க மீன் குழம்பும் வந்தன. எண்ணெயைப் பார்த்து நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிசைந்து பிசைந்து சாப்பிட்டார். குழம்பில் புளி கூடிவிட்டது என்று கடைக்காரரோடு சண்டை பிடித்தார். கோபத்தோடேயே இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கையில் கப்பையோடு, அந்தப் பெஞ்சில், ஊர் பேர் தெரியாத இடத்தில், கண்ணீர் பாட்டுக்கு வடிந்தது.

“என்னத்துக்கு அழுகுற? மிளகாயக் கடிச்சிட்டியா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“பாத்துச் சாப்புட மாட்டியா?” என்று ஓர் அதட்டல் போட்டார். போட்டுவிட்டு, தன் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் அதை முழுவதும் குடித்தேன்.